பரிசு விழுந்த மூடி

அத்தியாயம் 11

கொங்கு நாட்டின் தாகத்தைத் தீர்ப்பதற்கென்றே இந்த மண்ணில் அவதரித்தவர் நஞ்சுண்டன்.

இது நம்முடைய கண்டுபிடிப்பல்ல. 'ராஜமகுடம் கலர் கம்பெனி வெள்ளி விழா' அழைப்பிதழின் முதல் வரியாகத் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சகத்துக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தவரும் நஞ்சுண்டன்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு, விழா நாளன்று காலையில் வாய் கொப்பளிக்க வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கிணத்துக்கடவில் குழாய்த் தண்ணீர் விடிவதற்கு முன்னால் வந்து, விடிவதற்கு முன்னாலேயே போய்விடும். அது வரும்போது எழுந்து குடங்களை வரிசையாக வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பொங்கல் முடிந்த கையோடு கோயமுத்தூர் பீளமேட்டுக்குப் போனவள். இப்போது சித்திரை பாதி ஓடிவிட்டது.

நஞ்சுண்டன் தன் கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்து உடைத்து அதிலேயே பல் துலக்கினார். மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரையும் அவர் சோடாவின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரே மகன் சபரீஷ் படிப்பை முடித்துவிட்டுத் தன் பக்கத்தில் வந்து உட்காருவான் என்று, நஞ்சுண்டன் ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். பையனோ வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனியில் போய் உட்கார்ந்தான். சேல்ஸ் ஆபீசர். கழுத்தில் டை. குடியிருப்பு பீளமேடு என்றாலும், கம்பெனி அவனுக்குக் கொடுத்த ஏரியா பொள்ளாச்சி ரோடு. அதாவது, அப்பனுடைய கலர் எந்தெந்தக் கடையில் முன்வரிசையில் நிற்கிறதோ, அந்தந்தக் கடையில் அதைப் பின்வரிசைக்குத் தள்ளுவது மகனுக்குச் சம்பளம் தரும் வேலை.

"புள்ளைக்கு ஒரு அடுப்புப் பத்த வெச்சுக் குடுத்துப்போட்டு நாலு நாள்ல வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி வரலட்சுமி அவனோடு போனாள். போகும்போது ஒரு பையும் இட்லிச் சட்டியும் எடுத்துக்கொண்டாள்.

இட்லிச் சட்டி படியிறங்கியபோதே நஞ்சுண்டனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மிக்ஸியை அவள் எடுத்துப் போகவில்லை. அது எப்போதும்போல ஹாலில், டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருந்தது. மிக்ஸி இருக்கிற வீட்டுக்குப் பெண்டாட்டி திரும்பி வராமல் எங்கே போய்விடுவாள் என்று அவர் தைரியமாக இருந்தார்.

மிக்ஸியும் தைரியமாகத்தான் இருந்தது. அவள்தான் வரவில்லை.

போனில் ஒரு தரம் கூப்பிட்டு "வந்துரு அம்மணி" என்று சொன்னால் தீர்ந்த விஷயம். அந்த ஒரு வார்த்தை நஞ்சுண்டனுக்கு வாயில் வராது. அதற்குப் பதிலாக அவர் கல்யாண மண்டபம் பிடித்தார். கம்பெனி தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆக இன்னும் இரண்டு பாக்கி. அதை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? வெள்ளி விழா என்று அறிவித்தார். அழைப்பிதழின் கடைசி வரிக்காகத்தான் அத்தனையும்.

'குத்துவிளக்கு ஏற்றுபவர்: திருமதி வரலட்சுமி நஞ்சுண்டன்.'

அச்சில் பேர் வந்த பிறகு அவளால் எப்படி வராமல் இருக்க முடியும்?

*

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, எதிர்ச்சாரியில் இருந்த மயில்சாமியின் பேக்கரிக்குக் காப்பி குடிக்கப் போனார்.

"ஏனுங் மொதலாளி, விழா நாளுமா நம்ம கடைக் காப்பி?"

"ஊட்ல ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஒரே கூட்டம் மயிலு. அவிகளுக்குக் காப்பி போட்டே மாளலே."

"இருக்காதுங்களா பின்னே" என்றான் மயில்சாமி, மரியாதையாக. நஞ்சுண்டன் வீட்டுப் பூட்டு அவன் கல்லாவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

போன வருஷம் வரை இந்த பேக்கரியின் பெயர்ப் பலகையில் மயில்சாமி பெரியதாக இருந்தான். இப்போது வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஓசியில் புதுப் பலகை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் கம்பெனியின் பேர் யானை சைஸில் இருந்தது. மயில்சாமி அதன் காலடியில் எறும்பு சைஸில் இருந்தான். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை ரோட்டோரச் சுவர்களையெல்லாம் கம்பெனி வாடகைக்கு எடுத்து வண்ணம் பூசிவிட்டது. ராஜமகுடத்துக்கு இருந்தது ஒரே ஒரு சுவர் விளம்பரம், ரயில்வே கேட் பக்கத்தில். அந்தச் சுவரை இப்போது கம்பெனிதான் வைத்திருக்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மட்டும் ராஜமகுடம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

பேக்கரிக்குள்ளே கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. கம்பெனிச் சரக்கைத் தவிர வேறெதையும் அதில் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். முன்னால் ஒரு வரிசை கம்பெனி பாட்டில். அதற்குப் பின்னால் இட்லி மாவுத் தூக்கு, கறிவேப்பிலை, இரண்டு முழம் மல்லிகைப்பூ.

"என்ற கலரு எங்க மயிலு?"

"கீழதானுங்க. உங்க கலர்ப் பொட்டி நெம்ப ஸ்ட்ராங்குங்க. அது மேலதான் கல்லாவே நிக்குது."

நஞ்சுண்டன் குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"ஒரே ஒரு பாட்டலை உள்ள வெச்சா என்னய்யா? சுடுதண்ணி மாதர கொதிக்க வெச்சு விக்கறியே!"

"தம்பி செக்கிங் வருதுங்க."

"எந்தத் தம்பி?"

"நம்ம தம்பிதானுங்க. சபரீசு."

நஞ்சுண்டன் காப்பியை ஒரு வாய் குடித்தார். "அப்ப மாவுத் தூக்கு? அதப் பாத்து ஒண்ணுஞ் சொல்றதில்லையா உங்க தம்பி?"

"மாவு போட்டிக் கம்பெனி இல்லீங்களே."

வாசலில் இரண்டு மில் தொழிலாளிகள் கம்பெனிக் கலரை அவசரமாகக் குடித்து முடித்துவிட்டு, பாட்டிலை விட்டு மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்னய்யா, ரசத்தைக் கொட்டிப்போட்டுச் சட்டிய நக்கறாங்க?"

"பரிசுங்க. மூடிக்கு அடியில ஒரு எழுத்து இருக்குதுங்க. எழுத்தெல்லாம் சேத்தி அனுப்புனா, குலுக்கல்ல ஃப்ரிட்ஜு. ஊருக்குள்ள ஒருத்தனுக்கும் தாகமே இல்லீங்க மொதலாளி, மூடிக்குத்தான் குடிக்கறாங்க." மயில்சாமி குரலைத் தாழ்த்தினான். "நம்மூருக்கு ஒண்ணு விழுந்திருக்குதாமுங்க. யாருக்குன்னு தெரீலே. இன்னிக்கு வந்து குடுக்கறாங்களாம்."

"எவனோ வேலவெட்டி இல்லாதவனுக்கு விழுந்திருக்கும்" என்றார் நஞ்சுண்டன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பத்து மணிக்கு வந்துரு மயிலு."

"வந்தர்றனுங்க. ஏனுங், அம்மணி வந்துட்டாங்ளா?"

"வந்துட்டே இருக்கறா. கார்ல."

எந்தக் காரில் என்று மயில்சாமி கேட்கவில்லை. நல்ல பையன்.

*

மண்டபத்தில் நாற்காலிகள் மிகவும் ஒழுங்காக இருந்தன. யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த ஒழுங்கு கெட்டுப்போயிருக்கும்.

முன்வரிசையில் ரசாக் பாய். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் எசன்ஸ் வியாபாரம் அவருக்கு. ராஜமகுடம் ஆரஞ்சு ஆரஞ்சாக இருப்பதற்கும் திராட்சை திராட்சையாக இருப்பதற்கும் அவர் கடை எசன்ஸ்தான் காரணம். கடைசி வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்.

மயில்சாமி பத்து மணிக்குச் சொன்னபடி வந்தான். மேடைக்குக் கும்பிடு போட்டான். "கடைல ஆளில்லீங்க" என்றான். போய்விட்டான்.

மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, பூச் சுற்றி, எல்லாம் தயார். சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏனுங், எல போட்றலாங்களா?"

"வெளக்கேத்தி ஆகோணுமில்ல?"

"என்ற சம்சாரத்த வேணா ஏத்தச் சொல்லட்டுங்களா? கையக் கழுவிப்போட்டு வந்தர்றா."

"அச்சுல பேரு போட்டாச்சுய்யா!" என்றார் நஞ்சுண்டன். அச்சு என்பது ஏதோ கோர்ட் உத்தரவு என்பதுபோல.

ரசாக் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்கண்ணா. நின்னா மட்டும் கூட்டம் வரப்போவுதா?"

நஞ்சுண்டன் உட்கார்ந்தார். "ஊரூரா நானே நேர்ல போயி வெச்சேன் பாய். துடியலூர்ல இருந்து இங்க வரைக்கும் ஒரு கட விடலே. ஒருத்தனாச்சும் வரமாட்டேன்னு சொன்னானா? அத்தன பேரும் 'வந்தர்றனுங்க, வந்தர்றனுங்க'தான்."

"நம்ம பக்கத்துல எவன் மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு சொல்லியிருக்கான்? செத்துப்போறவன்கூட எமன்கிட்ட 'வந்தர்றனுங்க'ன்னுதான் சொல்லுவான்." ரசாக் சிரித்துவிட்டு நிறுத்தினார். "யாரு கூடப் போயி வெச்சீங்க?"

"கூட என்ன கூட? நானேதான்."

"அதான பார்த்தேன்."

"எத?"

"ஒத்த ஆளா வந்து வெச்ச பத்திரிகையண்ணா அது. ஜோடியாப் போயி, அக்கா குங்குமம் குடுத்து, 'அல்லாரும் ஒட்டுக்கா வந்துருங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் உங்காளுகளுக்கு அது அழைப்பு. நீங்க ஒத்தையாப் போயி வெச்சது தகவலு. தகவல் வந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டாங்க." ரசாக் கையை விரித்தார். "உங்காளுகள விடுங்க. எங்க ஊட்ல தாஜுன்னிசா என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா வந்து கூப்புடலியே, நான் எப்புடி வர்றது? நீங்க மட்டும் போயிட்டு வாங்க'ன்னுட்டா."

ஒவ்வொரு கடையிலும் பத்திரிகையை வாங்கும்போது, "அம்மணி வல்லீங்களா?" என்று கேட்டது நஞ்சுண்டனின் காதில் இப்போது திரும்ப விழுந்தது. அப்போது அதைக் குசல விசாரிப்பு என்று நினைத்திருந்தார்.

பஸ் வந்த சத்தம் கேட்டுக் கடைசி வரிசைக் குடும்பமும் எழுந்து ஓடியது.

அந்த நேரத்தில்தான் வெளியே பேண்டு வாத்தியம் முழங்கியது.

நஞ்சுண்டன் குபீரென்று எழுந்தார். அவர் பேண்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் சபரீஷ் சொல்லியிருக்கலாம். அம்மாவை வெறுமனே கூட்டிவர வேண்டாமென்று, பையனுக்கு அந்த மட்டும் மரியாதை தெரியாதா என்ன? கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். துண்டு வழியில் ஒரு நாற்காலியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

வாசலில் கம்பெனியின் வேன். வேனின் மேல் ரிப்பன் கட்டிய ஒரு ஃப்ரிட்ஜ். அதன் பின்னால் கடைவீதியே நடந்து வந்துகொண்டிருந்தது. கடையில் ஆளில்லாத மயில்சாமி முன்னால் வந்தான்.

சபரீஷ் வேனிலிருந்து இறங்கினான். டை கட்டியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவனுக்குப் பின்னால் பம்பாயிலிருந்து வந்திருந்த பெரிய மேனேஜர் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு போட்டோகிராபர்.

நஞ்சுண்டன் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

*

மேனேஜருக்குத் தமிழ் பேசவும் வராது, படிக்கவும் வராது. அதனால் மேடையின் குறுக்கே 'ராஜமகுடம்' என்று கட்டியிருந்த துணி அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் நஞ்சுண்டனின் கையைப் பிடித்துக் குலுக்கி இங்கிலீஷில் நிறையப் பேசினார். சபரீஷ் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழாக்கினான்.

"பரிசு விழுந்தவரே மண்டபம் புடிச்சு, தோரணங் கட்டி, பந்தி போட்டு வரவேக்கறத இந்தியாவுலயே இந்த ஊர்லதான் பாக்கறாராமுங்ப்பா. நெம்ப நன்றிங்கறாரு."

"யாருக்குடா பரிசு?"

"உங்களுக்குத்தானுங்ப்பா."

மேனேஜர் இன்னொன்று கேட்டார்.

"என்ன தொழில் பண்றீங்கன்னு கேக்கறாரு."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்ப்பா. அவருக்குத் தெரீலே. தெரியவும் வேண்டாம்." சபரீஷ் திரும்பி இங்கிலீஷில் ஒரே வார்த்தை சொன்னான். மேனேஜர் திருப்தியோடு தலையாட்டினார்.

"என்னடா சொன்னே?"

"வெவசாயம்ன்னுட்டேன்."

நஞ்சுண்டன் மகனின் முழங்கையைப் பிடித்து மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு நீளக் கண்ணாடியும், யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகளும் மட்டும் இருந்தன.

"என்ற பேரு எப்புடிடா வந்துச்சு?"

"எனக்கே நேத்துத்தானுங்ப்பா தெரியும். மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து பேர் வந்துச்சு. பாத்ததும் ஆடிப்போயிட்டேன். ஊட்டுக்கு வந்து கேட்டா அம்மா சிரிக்கறாங்க. கீழ் வீட்டுக் கடைல வாங்கிக் குடிச்சு, அக்கம்பக்கத்து மூடியெல்லாம் கேட்டு வாங்கி, எழுத்துச் சேத்தி அவங்கதான் அனுப்பியிருக்காங்க."

"குடிச்சாளா? உங்கம்மாவா? நம்ம கலரவே அவ நாக்குல வெச்சதில்லையே!"

சபரீஷ் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றை நகத்தால் பெயர்த்தான்.

"சரி, அனுப்புனா அனுப்பட்டும். அவ பேர்ல அனுப்ப வேண்டியதுதான? என்ற பேரு எதுக்கு?"

"அவங்க பேர்ல முடியாதுங்ப்பா. ரூல் இருக்குது. கம்பெனில வேல செய்யறவங்களும், அவங்களோட ஒரே ஊட்ல குடியிருக்கறவங்களும் போட்டில சேரக் கூடாது. அம்மாதான் அதப் படிச்சுப் பாத்துட்டு..." அவன் டையின் நுனியைச் சுருட்ட ஆரம்பித்தான். "'அப்ப உங்கப்பா பேர்ல அனுப்பலாம். அவருக்கு ஒரு தடையுமில்ல'ன்னாங்களாம், கீழ் வீட்டுக்காரம்மாகிட்ட."

வெளியே பேண்டுக்காரர்கள் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப உங்கம்மா உன்ற ஊட்ல குடியிருக்கறா" என்றார் நஞ்சுண்டன் மெதுவாக.

"ஆமாங்ப்பா."

"நான் இல்லே."

ரேஷன் கார்டில் மூன்று பேரும் இன்னும் ஒரே குடும்பம்தான். சர்க்கார் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. ஒரு கலர் பாட்டிலின் தகர மூடி வந்துதான் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வரலட்சுமி யோசித்துப் பார்த்திருக்கிறாள். ரூலையும், வீட்டையும், அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் பேருக்கு ஒரு தடையும் இல்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறாள்.

கண்ணாடியில் பட்டு வேட்டி கட்டிய ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். துண்டு இல்லாமல் தோள் மொட்டையாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்லிப்போடலாமுங்ப்பா" என்றான் சபரீஷ். "ஆனா ஏன் வேண்டாம்னு கேப்பாங்க. நீங்க யாருன்னு தோண்டுவாங்க. பொறவு என்ற வேல..." எச்சில் விழுங்கினான். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போனபோதும் இப்படித்தான் விழுங்கினான்.

"உங்கம்மா வருவாளா?"

"ஃப்ரிட்ஜு ஊட்டுக்குப் போயிச் சேந்ததும் உங்களப் போன் பண்ணச் சொன்னாங்க. அவ்வளவுதானுங்ப்பா சொன்னாங்க."

நஞ்சுண்டன் வெளியே போய், நாற்காலியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. தகவல் என்று விட்டுவிட்டவர்கள் எல்லாரும் ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லா நாற்காலியிலும் ஆள். ஏற்றாத விளக்கைச் சுற்றிலும் ஆள். மேனேஜர் கம்பெனி பாட்டில் ஒன்றைத் திறந்து நஞ்சுண்டனின் கையில் கொடுத்தார்.

"போட்டோவுக்கு ஒரு வாய் குடிக்கச் சொல்றாருங்ப்பா" என்றான் சபரீஷ், உதடு அசையாமல்.

ராஜமகுடம் என்ற எழுத்துகளுக்கு நேர் கீழே நின்று, அதன் முதலாளி போட்டிக் கம்பெனியின் கலரைக் குடித்தார். கிணத்துக்கடவு கைதட்டியது. இத்தனை வருஷத்தில் அவருக்கு இவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை. ரசாக் மட்டும் தட்டவில்லை. அவர் கொண்டுவந்திருந்த பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு கூரையின் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் போதும் என்று போட்டோகிராபர் சொன்னார். பாட்டில் காலியாகித்தான் கீழே வந்தது. அது ஜில்லென்று இருந்தது. தன்னுடைய கலரைத் தானே இப்படி ஜில்லென்று குடித்த ஞாபகம் நஞ்சுண்டனுக்கு வரவில்லை.

பிறகு பந்தி. மூன்று பந்தி. இலை பற்றவில்லை. கடைசியில் ரசாக்குக்குச் செய்தித்தாளில் வைத்துத் தக்காளிச் சோறு கொடுத்தார்கள்.

*

சாயங்காலம் ராஜமகுடம் டெலிவரி வேனில்தான் ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்தது. கம்பெனி வேன் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டுமாம். சபரீஷும் அதிலேயே போய்விட்டான். சோடாப் பட்டறை ஆட்கள் நான்கு பேர் மூச்சுப் பிடித்து ஃப்ரிட்ஜை ஹாலைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையல்கட்டில் காலிக் குடங்கள் இருந்த மூலையில் இறக்கினார்கள். குடங்களை வெளியே தள்ளினார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீடு பழையபடி ஆனது. ஒரு சாமான் கூட வந்ததில் இன்னும் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது.

நஞ்சுண்டன் ஹாலில் டி.வி. பக்கத்தில் இருந்த போனை எடுத்துப் பீளமேட்டு நம்பரைச் சுற்றினார்.

"அல்லோ."

"நாந்தான்."

"தெரியுதுங்க. சாப்புட்டீங்ளா?"

"மூணு பந்தி. எடம் பத்தலே. ஊரே வந்துருச்சு."

"சபரி போன் பண்ணுனான்."

கம்பியில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

"வெளக்க யாரு ஏத்துனாங்க?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"ஒருத்தரும் ஏத்தலே. உன்ற பேரு போட்டிருந்துச்சு. நீ பாக்கலியா?"

"பாத்தனுங்க. துடியலூர்க் கடைக்காரனுக்கெல்லாம் நேர்ல போயி வெச்சீங்களாமா. எனக்குத் தபால்ல வந்துச்சு."

நஞ்சுண்டன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். அந்தக் காதிலும் அதேதான் கேட்டது.

"குடிச்சீங்களாமா?"

"போட்டோக்குக் கையில புடிச்சேன்."

"எப்புடி இருந்துச்சு?"

"இனிப்புக் கம்மி."

"அப்பக் குடிச்சிருக்கீங்க."

"எதுக்கு அம்மணி இத அனுப்பி வெச்சே? ஒரு நாளைக்கு ஆக்கி வாரம் பூரா எடுத்து வெச்சுத் தின்னுக்கட்டும், இனி நமக்கு அங்க சோலி இல்லேன்னா? இல்ல..."

"இல்ல?"

"ஒண்ணுமில்ல."

"சமையக்கட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜு வேணும்னு நான் எப்பக் கேட்டேன்னு நெனவிருக்குதுங்களா?"

"பட்டறைலதான் ஐஸ் பொட்டி இருக்குதல்லோ?"

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க."

பீளமேட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கிணத்துக்கடவுக்குக் கேட்டது.

"செரீங்க" என்றாள் கடைசியில். "அதச் சமையக்கட்டுல வெச்சு, ஓட வெச்சுப்போட்டுச் சொல்லுங்க. வாரதா வேண்டாமான்னு பொறவு பேசலாம்."

"வெச்சாச்சு அம்மணி! சமையக்கட்டுலதான் நிக்குது. ஓட வெக்கறதுதான் பாக்கி. அதுக்கு என்ன, ஒரு நிமிசம். லைன்லயே இரு."

"இருக்கறனுங்க" என்றாள். அவள் சிரித்தாற்போல இருந்தது. கம்பியின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

நஞ்சுண்டன் ரிசீவரை மிக்ஸியின் பக்கத்தில் பத்திரமாகப் படுக்க வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக வேகமாக நடந்தார். பாட்டிலில் காஸ் ஏற்றுவதற்காகப் பட்டறையில் நாலு மோட்டார் ஓடவிட்டவருக்கு ஒரு ஃப்ரிட்ஜை ஓடவிடுவது ஒரு காரியமா?

சமையல்கட்டு விளக்கைப் போட்டார். ஃப்ரிட்ஜின் பின்னால் சுற்றிக் கட்டியிருந்த ஒயரைப் பிரித்தார். மூன்று பின் வைத்த பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இடது பக்கச் சுவரைப் பார்த்தார். வலது பக்கச் சுவரைப் பார்த்தார். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அஞ்சறைப் பெட்டி இருந்த அலமாரியை நகர்த்திப் புகை படிந்த சுவரைக் கையால் தடவினார். கையெல்லாம் கரியானது.

ராஜமகுடம் கலர் கம்பெனி முதலாளி வீட்டுச் சமையல்கட்டில் பிளக் பாயின்ட் கிடையாது.